ஓடைக்குப்பம் வளைவின் கடிகாரம்

'காலம் மனித குலத்தின் பொதுச்சொத்து. அதில் ஒரு நொடியைத் திருடுபவனும் வருங்காலத் தலைமுறைகளின் முன் குற்றவாளியே.'

சாலை நேரச் சட்டத்தின் முதல் வரி இது. ஓடைக்குப்பத்தில் நெடுஞ்சாலைக்குக் குறுக்கே நிற்கும் கேமரா வளைவின் தூணில், கருங்கல்லில் பொன்னெழுத்தில் பொறித்திருந்தார்கள். அந்தக் கல்லுக்கு நேர் கீழே, கடித்த வாழைப்பழம் வாயில் இருந்தபடியே ஓர் ஆள் அசையாமல் நின்றிருந்தார். காலை பத்து மணியிலிருந்து நிற்கிறார். அவர் தலைமேல் ஒரு காக்கை வசதியாக உட்கார்ந்து குனிந்து பழத்தைக் கொத்திக்கொண்டிருந்தது.

பரஞ்சோதி காரை ஓரம் கட்டிவிட்டு இறங்கி, முதல் காரியமாகக் காக்கையை விரட்டினார். அவர் பொறுப்புள்ள குடிமகன். எடையளவுத் துறையில் முத்திரை ஆய்வாளராக முப்பத்து நான்கு வருடம் இருந்தவர். கடைத்தெருவில் அவர் தலை தெரிந்தால் தராசுகள் தாமாகவே நேராகும் என்று அவரே சொல்லிக்கொள்வார். இந்தச் சட்டம் வந்தபோது பத்திரிகைக்கு நாலு பாராட்டுக் கடிதம் எழுதினார். அபராதத்தைப் பணமாகக் கட்டிவிட்டுப் பணக்காரன் சிரித்துக்கொண்டு போகிறான். நேரத்தைத் திருடினவனிடம் நேரத்தையே பிடுங்குவதுதான் நியாயம் என்பது கடிதங்களின் சாரம்.

பிடுங்குவது சுலபமாகவே இருந்தது. எல்லார் காதுக்குப் பின்னாலும், ரேஷன் கார்டோடு இணைத்து, அரிசி அளவில் ஒரு வில்லை வைத்திருந்தார்கள். காய்ச்சலையும் சர்க்கரையையும் பார்க்க என்று வந்தது. அதற்கு ஆளை அணைத்து வைக்கவும் தெரியும் என்பது பிறகுதான் தெரிந்தது. வேகமாகப் போய் எத்தனை நிமிடம் மிச்சம் பிடித்தீர்களோ அதைப் போல் பத்து மடங்கு நேரம் அணைந்து நிற்க வேண்டும். மூச்சு ஓடும், கண் திறந்திருக்கும், ஆள் இருக்க மாட்டார். அரசாங்கம் அதற்கு நேரப் பிடித்தம் என்று பெயர் வைத்திருந்தது. ஜனங்கள் 'நின்னு போறது' என்றார்கள்.

"ஐயா, மேலத்தாங்கல் வளைவுல பதினொன்னு ரெண்டுக்கு நுழைஞ்சிருக்கீங்க. இங்க பதினொன்னு இருபத்தொன்னு," என்றார் போலீஸ்காரர், கைக்கருவியைப் பார்த்தபடி. "முப்பத்தெட்டு கிலோமீட்டர், பத்தொன்பது நிமிஷம். மணிக்கு நூத்தியிருபது. இங்க அறுபதுதாங்க."

"நான் அறுபதுக்கு மேல போனதே கிடையாது. பின்னாடி வர்றவன் எல்லாம் திட்டிக்கிட்டுதான் போவான். இப்ப மணி பதினொன்னு நாப்பது. பாரு!"

"அது உங்க கடிகாரத்துல."

"உன் கையில கட்டியிருக்கியே, அதுல என்ன மணி?"

போலீஸ்காரர் சட்டைக் கையை மெதுவாகக் கீழே இறக்கிக்கொண்டார். "இது சொந்த வாட்சுங்க. டியூட்டில பார்க்கக் கூடாது."

ரசீது வந்தது. மிச்சம் பிடித்தது பத்தொன்பது நிமிடம். பிடித்தம் மூன்று மணி பத்து நிமிடம். பிடித்தங்கள் எல்லாமே காலை பத்து மணிக்கு, அலுவலகம் திறந்ததும் ஆரம்பிக்கும். தேதியைக் கணினி போட்டிருந்தது: ஆவணி பதினாலு, வெள்ளிக்கிழமை.

வீட்டில் மங்கையர்க்கரசி ரசீதை இரண்டு தடவை படித்தாள். கல்யாணப் பத்திரிகைக் கட்டு அவள் மடியிலேயே இருந்தது.

"என்னங்க, நித்திலா கல்யாணம் அன்னைக்குத்தானே. தாலி கட்டற நேரம் பத்து அஞ்சு."

"தெரியும்."

"மணவறையில நீங்க பொம்மை மாதிரி நின்னா, தாரை வார்த்துக் குடுக்கறது யாரு? என் தம்பியா? அவன் பத்து மணிக்குத்தான் எந்திரிப்பான்."

"அளவுல தப்பு நடந்திருக்கு மங்கை. அளவுல தப்புன்னா அது என் சப்ஜெக்ட். விட்டுருவேனா?"

மகள் நித்திலா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தாள். "தேதிய மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்கப்பா, போதும். சட்டம் பேசாதீங்க."

"தேதி மாத்துனா குத்தத்த ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். உங்கப்பா முப்பத்து நாலு வருஷம்..."

"ஆரம்பிச்சிட்டாரு," என்றாள் அவள், தலையை உள்ளே இழுத்துக்கொண்டு.

மறுநாள் மேல்முறையீட்டு அலுவலகத்துக்குப் போனார். நீளமான கூடம். சுவரோரம் நாற்காலிகள். மேல்முறையீட்டுக்கு வந்த இடத்திலேயே வேறு பிடித்தத்துக்கு நேரம் வந்து நின்றுபோனவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். ஒரு பியூன் கிண்ணமும் பஞ்சுமாக அவர்கள் கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டே போனான், செடிக்குத் தண்ணீர் ஊற்றுகிற நிதானத்தில்.

பரஞ்சோதிக்குப் பக்கத்து நாற்காலியில் செம்பாயி என்றொரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ரசீதிலும் அதே பத்தொன்பது நிமிடம்.

"நீ என்ன வண்டிம்மா?"

"நானில்லீங்க, எங்க வீட்டுக்காரரு. மொபெட்டுங்கய்யா, பழசு. அறுபதைத் தாண்டுனா கைப்பிடி உதறும்." அவள் ரசீதை மடித்தாள். "அவருக்குத் தேங்கா பறிக்கற வேலை. படிக்கத் தெரியாது. நோட்டீசு வந்தத யாரும் சொல்லல. பத்து மணிக்கு மரத்து உச்சியில இருந்தாரு."

பரஞ்சோதி அவளைத் திரும்பிப் பார்த்தார்.

"விழலீங்க. புடிச்ச கை புடிச்சபடியே மூணு மணி நேரம் இருந்தாரு. கீழ நின்னு கத்துறேன், காதுல விழல. அப்புறம் ஒன்னு பத்துக்கு, ஒன்னுமே நடக்காத மாதிரி பறிச்ச காயைக் கீழ போட்டாரு. ஆனா அந்த மரத்துல முசுறு இருந்திருக்கு. எறும்பு. கண்ண மூடாம இருந்தாருல்ல..." அவள் சேலைத் தலைப்பால் தன் இடது கண்ணைத் தொட்டுக் காட்டினாள். "இந்தக் கண்ணு போயிருச்சு. நான் கண்ணத் திருப்பிக் கேக்கல. மிசினு தப்புன்னு ஒரு காயிதத்துல எழுதிக் குடுத்தா போதும். வேகமாப் போனவனுக்கு நல்லா வேணும்னு ஊர்ல பேசுறாங்க."

"நான் எழுதி வாங்கித் தர்றேன்," என்றார் பரஞ்சோதி. நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. "போலித் தராசு எத்தனை பார்த்திருக்கேன். கவலைப்படாதம்மா."

மறுபரிசீலனை அலுவலர் கோமளவல்லி அவரை உட்காரச் சொன்னாள். மேசையில் ஒரு ரோஜாச்செடி, ஒரு கணினி, 'தவறாத கண்' என்று எழுதிய நாட்காட்டி.

"மெஷின் தப்புப் பண்ணாது சார்."

"மெஷின் பண்ணுமா பண்ணாதான்னு நான் கேக்கல. படிக்கல்லுல இருந்து பெட்ரோல் பங்க் வரைக்கும், எந்த அளவுக் கருவிக்கும் வருஷா வருஷம் சரிபார்த்து முத்திரை வைக்கணும். அந்த வளைவுக் கடிகாரத்துக்கு முத்திரை வெச்சது யாரு? சான்று காட்டுங்க."

அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றது. மூலையிலிருந்த குமாஸ்தா, பிடித்தம் எதுவும் இல்லாமலே நின்றுபோனவர் மாதிரி ஆனார். கோமளவல்லி கணினியில் எதையோ தேடினாள், கிடைக்கவில்லை, ரோஜாச்செடியில் ஓர் இலையைக் கிள்ளினாள்.

"ரெண்டு நாள் கழிச்சு வாங்க சார்," என்றாள்.

அந்த இரண்டு நாளையும் பரஞ்சோதி வீணாக்கவில்லை. கையில் நிறுத்தற்கடிகாரத்தோடு ஓடைக்குப்பம் வளைவின் கீழே போய் நின்றார். வளைவின் மேலே ஏணி போட்டு லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தான் ஜெபராஜ் என்ற டெக்னீஷியன். முதலில் எதுவும் தெரியாது என்றான். பரஞ்சோதி இளநீர் வாங்கிக் கொடுத்தார். பாதி இளநீரில் கொஞ்சம் தெரிந்தது.

"திறப்பு விழா அன்னைக்கு சார். வெள்ளிக்கிழமை. பூசணிக்காயோட ஆளு நிக்கிறான், மேளக்காரன் நிக்கிறான். பெரியவரு வந்து எறங்குறப்ப பத்து நாப்பத்து நாலு. பத்தரைக்கே ராகு காலம் பொறந்தாச்சாம். எனக்கு ராகு காலமும் தெரியாது, எமகண்டமும் தெரியாது, நான் ஞாயித்துக்கிழமை சர்ச்சுக்குப் போறவன். பெரியவரு ஸ்விட்ச் மேல கைய வைக்க மாட்டேங்குறாரு. எங்க என்ஜினீயரு என் காதுல வந்து, 'கடிகாரத்தப் பத்து இருபத்தஞ்சுக்கு வைடா'ன்னாரு. வெச்சேன். பெரியவரு அதப் பார்த்துட்டு, திருப்தியாச் சிரிச்சு, ஸ்விட்சப் போட்டாரு. பூசணிக்கா உடைச்சாங்க."

"பத்தொன்பது நிமிஷம்."

"ஆமா சார். மேலத்தாங்கல் கடிகாரம் சரியா ஓடுது. இது பத்தொன்பது நிமிஷம் பின்னாடி ஓடுது. அங்கேருந்து இங்க வர்றவன் சரியா அறுபதுல வந்தாலும், பத்தொன்பது நிமிஷம் சீக்கிரம் வந்தவன்தான்."

"அடப்பாவி, விழா முடிஞ்சதும் திருத்த வேண்டியதுதானே?"

"கேட்டேன் சார். திருத்துனா பதிவேட்டுல திறந்த நேரமும் சேர்ந்து மாறிடும். ராகு காலத்துல திறந்து வெச்சதுன்னு ஆயிடும். அதுக்கு எவன் கையெழுத்து போடுவான்?" ஜெபராஜ் இளநீரை உறிஞ்சி முடித்தான். "எங்க ஆபீஸ்ல எல்லாருக்கும் தெரியும். அதனாலதான் யாரும் இந்த ரோட்டுல வர்றதில்ல. சுத்தித்தான் போவோம்."

பரஞ்சோதிக்கு உள்ளுக்குள் ஒரு குளிர்ச்சி இறங்கியது. இத்தனை பெரிய போலிப் படிக்கல்லை அவர் தம் சர்வீஸில் பார்த்ததில்லை. பெட்டிக்கடைக்காரன் ஐம்பது கிராம் அடித்தான். இவர்கள் பத்தொன்பது நிமிடம் அடிக்கிறார்கள். பதினெட்டுப் பக்கத்துக்கு அறிக்கை எழுதினார். வரைபடம் இருந்தது. அடிக்குறிப்பு இருந்தது.

கோமளவல்லி பதினெட்டுப் பக்கத்தையும் பொறுமையாகப் படித்தாள். அவருக்குக் காபி வரவழைத்தாள்.

"நீங்க எழுதியிருக்கறது நூத்துக்கு நூறு சரி சார்."

இதை அவர் எதிர்பார்க்கவில்லை.

"ஆனா தப்புன்னு நான் எழுதிட்டா, பதினேழாயிரம் பேருக்கு நேரத்தத் திருப்பிக் குடுக்கணும். எங்கேருந்து குடுக்கறது? எடுக்கத்தான் மெஷின் வெச்சிருக்காங்க. குடுக்க மெஷின் கிடையாது."

"அது என் பிரச்சினை இல்லம்மா."

"உங்க பிரச்சினை ஆவணி பதினாலு. எனக்கும் பொண்ணு இருக்கு சார், புரியாம இல்ல." அவள் குரலைத் தாழ்த்தினாள். "நீங்க சொன்ன அப்புறம்தான் பார்த்தோம், முத்திரைச் சான்று ஒன்னு இல்லவே இல்ல. அது ஒன்னுதான் குறை. உங்க பதிவு எண் இன்னும் உயிரோடதான் இருக்கு. நீங்களே ஒரு சான்று குடுத்தா..."

"தப்பான கடிகாரத்துக்கா?"

"படிச்சுப் பாருங்களேன்."

ஒரே ஒரு வரிதான். 'மேற்படி கடிகாரம் நொடி பிசகாமல் சீராக ஓடுகிறது என்று சோதித்துச் சான்றளிக்கிறேன்.'

பரஞ்சோதி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சீராகத்தான் ஓடியது. அவரே நிறுத்தற்கடிகாரம் வைத்துப் பார்த்தார். அறுபது நொடிக்கு ஒரு நிமிடம், ஒரு இம்மி பிசகவில்லை. எந்த மணியைக் காட்டுகிறது என்பதுதான் தப்பு. எப்படி ஓடுகிறது என்பதில் தப்பு இல்லை. இந்த வரியில் ஒரு சொல் பொய் கிடையாது. முப்பத்து நான்கு வருடத்தில் இவ்வளவு சுத்தமான சான்றை அவர் எழுதியதில்லை என்றுகூடத் தோன்றியது.

"சான்று தர்ற நிபுணர் மேல வழக்கு நிலுவையில இருக்கக் கூடாதுன்னு விதி இருக்கு," என்றாள் கோமளவல்லி. "அதனால உங்க ரசீது தானாத் தள்ளுபடி ஆயிடும். இன்னொரு நன்மையும் இருக்கு சார். சான்று இல்லாததாலதான் இப்ப நோட்டீசு, தேதி, மேல்முறையீடுன்னு ஜனங்க அலையறாங்க. சான்று வந்துட்டா மறுநாளே பத்து மணிக்குப் பிடிச்சிரலாம். வண்டியில எத்தனை பேர் இருந்தாங்களோ அத்தனை பேருக்கும். எல்லாரும்தானே சீக்கிரம் வந்தாங்க?"

"அது நிர்வாக விஷயம்," என்றார் பரஞ்சோதி. பேனாவைத் திறந்தார்.

வெளியே கூடத்தில் செம்பாயி உட்கார்ந்திருந்தாள். அவள் பார்வை இந்தக் கதவின் மேலேயே இருந்தது. பரஞ்சோதி பியூனிடம் கழிப்பறை எங்கே என்று கேட்டு, அந்த வழியாகவே பின்வாசலுக்குப் போய்விட்டார்.

வீட்டில், வாதத் திறமையால் வழக்கை உடைத்துவிட்டதாகச் சொன்னார். "ஒரே கேள்விதான் கேட்டேன். ஆடிப் போயிட்டாங்க." மங்கையர்க்கரசி சாமி படத்துக்குப் பூ வைத்தாள்.

ஆவணி பதின்மூன்று சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். மேலத்தாங்கல் தாண்டியிருந்தது அவர்கள் ஊர். நாலு பஸ், ஐந்து வேன். நாதஸ்வரமும் தவிலும் ஒரு வேனில், புரோகிதர் மாப்பிள்ளை காரில். வாசலில் நின்று சந்தனம் கொடுத்துக்கொண்டிருந்த பரஞ்சோதியிடம் சம்பந்தி சொன்னார்: "ரோடு ஜோரா இருக்கு சம்பந்தி! அறுபதைத் தாண்டாமத்தான் வந்தோம், பொம்பளைங்க இருக்காங்கல்ல." பரஞ்சோதி சிரித்தார். சந்தனக் கிண்ணத்தை அடுத்தவரிடம் நீட்டினார். சொல்லி என்ன ஆகப்போகிறது, அலுவலகம் எந்தக் காலத்தில் சொன்ன நாளில் சொன்ன வேலையைச் செய்திருக்கிறது என்று தமக்குத்தாமே கேட்டுக்கொண்டு போய்ப் படுத்தார்.

இந்த அலுவலகம் செய்தது.

மறுநாள் காலை தாரை வார்த்து முடித்தார். தண்ணீர் விரல் வழியே இறங்கியது, மங்கையர்க்கரசி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புரோகிதர் சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் முன்பே தாலியை எடுத்துக் கொடுத்தார். கெட்டிமேளம் எழுந்தது. மாப்பிள்ளை எழுந்து குனிந்து, நித்திலாவின் கழுத்தைச் சுற்றி இரண்டு கையையும் கொண்டுபோனான்.

மேளம் நின்றது. வாசித்து முடித்து நிறுத்தவில்லை, பாதியில் நின்றது.

நாதஸ்வரக்காரர் கன்னம் உப்பியபடி இருந்தார். தவில்காரரின் வலக்கை காற்றில் இருந்தது. புரோகிதரின் வாய் ஒரு மந்திரத்தின் நடுவில் திறந்திருந்தது. கூடத்தில் அட்சதையை ஓங்கிய கைகள் ஓங்கியபடியே நின்றன. விரலிடுக்குகளிலிருந்து மஞ்சள் அரிசி ஒவ்வொன்றாக விழும் சத்தம் மட்டும் கேட்டது. இந்த ஊரைச் சேர்ந்த ஐம்பது அறுபது பேர், காட்டில் நிற்பவர்கள் போல, நின்றுபோனவர்களுக்கு நடுவில் இங்கொருவரும் அங்கொருவருமாகத் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள்.

பிறகுதான் பரஞ்சோதி அதைக் கவனித்தார். முந்நூறு பேரும் ஒன்றாக மூச்சை இழுத்தார்கள். ஒன்றாக விட்டார்கள். மணவறையின் குத்துவிளக்குச் சுடர்கள் எல்லாம் அந்த மூச்சோடு ஒரு பக்கம் சாய்ந்தன, நிமிர்ந்தன. மறுபடியும் சாய்ந்தன.

அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. மங்கையர்க்கரசி அதை வாங்கி வாய்விட்டுப் படித்தாள். "தங்கள் மேலான சான்றின் பேரில் இன்று முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் உடனடிப் பிடித்தம் தொடங்கப்பட்டது. தங்கள் பங்களிப்புக்கு நன்றி."

அவள் போனைத் திருப்பிக் கொடுக்கவில்லை. "என்ன சான்று?"

"கடிகாரம் சீரா ஓடுதுன்னு... அது உண்மைதான் மங்கை. நொடிக்கு நொடி..."

"அப்ப வழக்க உடைச்சது?"

கூடம் மூச்சு விட்டது.

நித்திலா மாப்பிள்ளையின் இரு கைக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அவன் விரல்கள் மஞ்சள் கயிற்றின் இரு முனையையும் அவள் பிடரியில் பிடித்திருந்தன. முடிச்சு விழவில்லை. அவன் முகம் அவள் நெற்றிக்கு ஒரு சாண் மேலே, கண் விரியத் திறந்து, அவளுக்குப் பின்னால் எதையோ பார்த்தது.

"கை சூடாத்தான் இருக்கு," என்றாள் அவள், மெதுவாக. "மூச்சு மேல படுது. ஆனா ஆளு இல்லம்மா."

"எந்திரிச்சு வந்துருடி," என்றாள் மங்கையர்க்கரசி. "குனிஞ்சு வெளிய வா."

"ஒன்னு பத்துக்குக் கண்ணு முழிப்பாரு. அப்ப இந்தக் கைக்குள்ள நான் இல்லன்னா அவருக்கு எப்படி இருக்கும்?" அவள் அசையவில்லை. "கண்ணு காஞ்சு போகும்மா. சொட்டு மருந்து வாங்கிட்டு வரச் சொல்லு. எல்லாருக்கும் வேணும்."

மங்கையர்க்கரசி படியிறங்கி ஓடினாள். ஊர்ப் பெண்கள் நாலைந்து பேர் ஈரத் துணியை நனைத்து எடுத்துக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார்கள். பரஞ்சோதி மணவறை ஓரத்தில், கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் நின்றார். மாப்பிள்ளையின் விரலிலிருந்து கயிற்றை எடுத்து முகூர்த்தம் முடிவதற்குள் எப்படியாவது முடிச்சுப் போட்டுவிடலாமா என்று ஓர் எண்ணம் வந்தது. ஓர் அடி எடுத்து வைத்தார்.

"தொடாதீங்கப்பா," என்றாள் நித்திலா. அவர் பக்கம் திரும்பவில்லை, திரும்ப இடமும் இல்லை. "இங்க உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. போய்ச் சாப்பிடுங்க."

பந்திக்கூடத்தில் நூற்றிருபது இலை போட்டுத் தண்ணீர் தெளித்து வைத்திருந்தது. சமையல்காரர்கள் உள்ளூர் ஆட்கள். வாளியும் கரண்டியுமாக வாசலில் கூடி நின்று, கல்யாணக் கூடத்திலிருந்து வரும் அந்தப் பெரிய மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் தலைமைச் சமையல்காரர் முன்னால் வந்தார்.

"எப்ப சார் பந்தி?"

"ஒன்னு பத்துக்கு மேலதான்."

"அதுக்குள்ள எல்லாம் ஆறிடுமே."

பரஞ்சோதி காலையிலிருந்து விரதம். கடைசி வரிசையில், தூணுக்குப் பின்னால், ஓர் இலையின் முன் உட்கார்ந்தார். பரிமாறுகிறவர் அவர் முகத்தைப் பார்க்காமல் பரிமாறினார். சாம்பார் நன்றாக இருந்தது. அவர் பாயசத்தை இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.